குணேஸ்வரி அக்காவின் இடது சப்பாத்து

முதலில் அவர் இடது சப்பாத்தைத்தான் பார்ப்பார். "நான் மனுவல்தான் அக்கா ஓடுறன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், குணேஸ்வரி அக்காவின் கண் சொன்னவரின் முகத்துக்குப் போகாது, காலுக்குப் போகும். கியரைக் கையால் மாற்றி நாள்தோறும் கிளச் மிதிக்கிற ஆளுக்கு இடது சப்பாத்தின் அடிதான் முதலில் தேயும் என்பது அவர் கண்ட உண்மை. "காலைத் தூக்கு பாப்பம்" என்பார். பெருவிரலுக்குக் கீழே தேய்வு இல்லையென்றால், "ஓம், ஓம், ஓடுறாய்" என்று ஒரு இழுவை இழுத்துவிட்டுக் கோப்பியைக் குடிப்பார். அவ்வளவுதான். பொய் சொன்ன ஆள் அன்று முழுக்க இடது காலை மறைத்துக்கொண்டு நிற்பார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊர் திருகோணமலை. மொன்றியல் துறைமுகத்தை அண்டிய ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பனி கரைந்த பிறகு, சனிக்கிழமைக் காலைகளில், நோத்ர-டாம் வீதிக் கோப்பிக் கடையின் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். மஸ்டாங், சலஞ்சர், கமாரோ என்று உறுமிக்கொண்டு வந்து நிற்கும் அமெரிக்கக் கார்கள். அப்படி ஒன்றை வாங்க நினைக்கிறவர்கள் விற்பனையாளரிடம் போகுமுன் அக்காவிடம் வருகிறார்கள். நான் ஓடுவது கிளச்சே இல்லாத ஒரு பழைய ஓட்டோமற்றிக் கொறோலா. என் இடது சப்பாத்து எப்போதும் புதுசாகவே இருக்கும். அதனால் அவர் என்னைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

இந்தக் கார்களில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரே காரை நாலைந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் வைத்து விற்பார்கள். எந்தப் படியில் எஞ்சின் மாறுகிறது, எந்தப் படியில் சீற் துணி மட்டும் மாறுகிறது என்பது அக்காவுக்கு மனப்பாடம். "தம்பி, மஸ்டாங்கிலை ஜீ.ரீ. எண்டா எட்டுச் சிலிண்டர். சலஞ்சரிலை ஜீ.ரீ. எண்டா ஆறு. பின்னாலை ஒட்டியிருக்கிற எழுத்தைப் பாத்துக் கலியாணம் கட்டாதை." பிறீமியம் என்ற படியை எடுக்கலாமா என்று கேட்டால், "அதே எஞ்சின்தான், சீற் சூடாகும், அவ்வளவுதான்" என்பார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா மொன்றியலிலை தை மாசம் ஆறு மணிக்கு வேலைக்குப் போறவனுக்குச் சூடான சீற்றும் ஒரு எஞ்சின்தான்" என்று சேர்த்துக்கொள்வார். குளிர்காலத்திலும் ஓடியே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு நாலு சில்லும் இழுக்கிற சலஞ்சர் ஜீ.ரீ. என்பது அவர் தீர்ப்பு. "ஆறு சிலிண்டர் எண்டு வெக்கப்படாதை. மார்கழியிலை ஏத்தத்திலை எல்லாரும் வழுக்கிக்கொண்டு நிக்கேக்கை நீதான் ராசா."

எல்லாவற்றிலும் இப்படி நியாயமாகப் பேசுகிற மனுசிக்கு ஓட்டோமற்றிக் என்றால் மட்டும் இரக்கம் கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் ரதீசன் ஒரு மஸ்டாங் ஜீ.ரீ. வாங்கிக்கொண்டு வந்தார். கட்டடங்களுக்குக் குளிரூட்டி பூட்டுகிற தொழில் அவருக்கு. வாய் குறைந்த, நல்ல மனுசன். வந்திறங்கி, "பத்துக் கியர் அக்கா, எல்லாம் தானா மாறும்" என்று ஆசையோடு சொன்னார்.

"பத்தும் தானா மாறுமெண்டா நீ என்னத்துக்குத் தம்பி உள்ளை இருக்கிறாய்? பேசாமல் பஸ்ஸிலை போகலாமே" என்றார் அக்கா.

அன்றிலிருந்து ரதீசனுக்குப் பெயர் பஸ்காரன். அவர் மகளின் பிறந்தநாளுக்குக்கூட எங்களில் ஒரு குறும்பன் பொம்மை பஸ் வாங்கிக்கொண்டு போனான். ஒரேயொரு தடவை ரதீசன் திருப்பிக் கேட்டார்: "நீங்கள் நாள் முழுக்க ஓடுற ஃபோர்க்லிஃப்டும் ஓட்டோதானே அக்கா?" அக்கா கண்ணும் வெட்டவில்லை. "அது வேலை. இது என்ர சீவியம்" என்றார்.

அவருடைய சீவியம் கறுப்பு நிற மஸ்டாங், 2017, ஆறு கியர், மனுவல். பின் சீற்றில் ஒரு சோற்றுப் பானையைத் தவிர வேறொன்றும் வசதியாக இருக்க முடியாது. "அதுதான் இந்தக் காரின்ர சிறப்பு" என்பார். "வான் வண்டியெண்டா மாமியாரை ஏத்து, மச்சாளை இறக்கு, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. இதுக்குள்ளை ஒருத்தரும் ஏறமாட்டினம். கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் என்னை ஒருத்தரும் அம்மா எண்டும் கூப்பிடாயினம், அக்கா எண்டும் கூப்பிடாயினம்." வேலை விட்டு வந்து, சமைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மிஞ்சிய நேரத்தில் ஆற்றோரமாகக் கிழக்கே கொஞ்சத் தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வருவார். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த மாசியில் வீட்டு வெளிப்படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தார். இடது கணுக்கால் முறிந்து, ஒரு தகடும் ஆறு ஆணியும் வைத்தார்கள். நடக்கலாம், வேலைக்குப் போகலாம். கிளச் மட்டும் இனி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வைகாசி பிறந்து எல்லாரும் காரை வெளியே எடுத்த பிறகும் கறுப்பு மஸ்டாங் உறை போட்டபடி கராச்சுக்குள்ளேயே கிடந்தது. நடக்கலாம் என்று ஆஸ்பத்திரிச் சிட்டை வந்த அன்றே அக்கா ஒருக்கால் ஓட்டிப் பார்த்திருக்கிறார். "ரெண்டாவது சந்தியிலை கண்ணாலை தண்ணி வந்திட்டுது. நோவிலையோ கவலையிலையோ தெரியேல்லை" என்று என்னிடம் சொன்னார். கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் என்ற அந்தச் சீவியத்தை அடியோடு விடவேண்டும், அல்லது ஒன்பது வருடமாகத் தான் நக்கலடித்த ஓட்டோமற்றிக்கில் அத்தனை பேர் முன்னாலும் ஏறவேண்டும். இரண்டில் ஒன்று. எனக்கு மனசு சரியாக இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கேள்வி கேட்கிறவர் அக்காவாகிவிட்டார். கமாரோ ஓட்டோமற்றிக்கின் பத்துக் கியர் இறங்கும்போது உதைக்குமா? சலஞ்சரின் எட்டுக் கியர் நெரிசலில் எப்படி? மஸ்டாங்கின் பத்து ஏன் சிலவேளை ஒரு கியரை விட்டுப் பாய்கிறது? "லாவலிலை ஒரு சொந்தக்காரிக்கு. அவவுக்குக் கால் ஏலாது" என்றார். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். ஒருத்தரும் அவருடைய காலைப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை, கோப்பி பாதி குடித்த நிலையில், அக்கா கோப்பையை மதிலில் வைத்தார்.

"ரதீசன், உன்ர காரை ஒருக்கால் ஓடிப் பாக்கலாமோ?"

மூன்று வருட பஸ் கதைக்கு ரதீசன் என்ன சொல்லியிருந்தாலும் அக்காவால் மறுபேச்சுப் பேசியிருக்க முடியாது. அது அக்காவுக்கும் தெரியும். அவர் காதுகூடச் சிவந்திருந்தது. ரதீசன் மெல்லப் போய்ச் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்கோ அக்கா. இண்டைக்கு பஸ்ஸிலை ரிக்கற் எடுக்கத் தேவையில்லை."

தரிப்பிடமே வெடித்துச் சிரித்தது. அக்கா கடைசியாகச் சிரித்தார். "நீயும் வா" என்று என்னையும் இழுத்துப் பின்னால் போட்டார். ரதீசன் கோப்பியோடு அக்காவுக்குப் பக்கத்தில் ஏறினார். முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட, சோற்றுப் பானையின் இடத்தில் நான் இருந்தேன்.

கார் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. அக்கா தலையைச் சரித்துக் கியர்களை எண்ணிக்கொண்டே ஓட்டினார். "ஒண்டு... மூண்டு... ரெண்டு எங்கை? ரெண்டைக் காணேல்லையடா."

"பாய்ஞ்சிட்டுது அக்கா. தேவையில்லையெண்டா விட்டிடும்" என்றார் ரதீசன்.

"எனக்குச் சொல்லாமலோ?" என்றார். ஆனாலும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது.

அடுத்த சந்தியில் சிவப்பு விழுந்தது. அக்கா வலது காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்தார். அதே நேரம் அவருடைய இடது கால், ஒன்பது வருடம் செய்ததையே செய்தது. இல்லாத கிளச்சை ஓங்கி மிதித்தது. ஓட்டோமற்றிக்கில் பிறேக் பெடல் அகலம். மிதி அதன்மேல் விழுந்தது. கார் அடித்துவைத்த முளைபோல நின்றது. ரதீசனின் கோப்பி கண்ணாடியில், என் மூக்கு ரதீசனின் சீற்றில். பின்னால் வந்த மனுசன் மயிரிழையில் நிறுத்திவிட்டு, இந்த ஊரில் வசவாகிவிட்ட தேவாலயத்துச் சாமான்கள் ஒவ்வொன்றின் பெயரையும் பிரெஞ்சில் சொல்லித் திட்டினான்.

பச்சை விழுந்ததும் அக்கா காரை ஓரங்கட்டினார். இனி இறங்கிவிடுவார், இனி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். ரதீசன் தன் சேட்டால் கோப்பியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் முதல் கிழமை இப்பிடித்தான் அக்கா. என்ர மனுசி காலைச் சாப்பாட்டோடை முன்கண்ணாடியிலை" என்றார். அது பொய். ரதீசன் வாழ்க்கையில் கிளச் மிதித்ததில்லை. அக்காவுக்கும் அது தெரியும். முதல் நாளே அவருடைய இடது சப்பாத்தைப் பார்த்தவர்.

இந்த முறை "ஓம், ஓம்" என்று இழுக்கவில்லை.

"இவர் சொன்னாக் கேக்கமாட்டார்" என்றார், காலைக் குனிந்து பார்த்தபடி.

பிறகு நாடாவை அவிழ்த்து, இடது சப்பாத்தை மட்டும் கழற்றினார். அடி தேய்ந்து, பெருவிரலுக்குக் கீழே துணி தெரிந்த சப்பாத்து. "இதைப் பிடி" என்று அதை ரதீசனின் மடியில் வைத்தார். வெறுங்காலைக் கதவோரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டு, கியரை எடுத்து 'டி'யில் போட்டார்.