செய்யது அலி எழுதிய ‘நன்று’

கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தார் செய்யது அலி. யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். அந்தக் குணம்தான் அவரைக் கெடுத்தது.

அங்கே டாக்டர் சண்முகராஜ், மேலண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்வார். ஒரு வருஷம் கழித்து அலி சைக்கிளில் வீடு தேடிப் போக வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்து, மூக்கு வழியே வருகிறதா என்று பார்த்து, கார்டில் எழுதிவர வேண்டும். அதைப் படித்துத்தான் டாக்டர் தன் கைவேலையைத் திருத்திக்கொள்வார்.

1959-ல் பசுவந்தனையில் சொர்ணத்தாய் என்ற பிள்ளைக்குப் பால் மூக்கில் ஒழுகியது. அண்ணத்தின் பின்பக்கம் மிளகளவு ஓட்டை. அவள் அம்மா ராமலட்சுமி பதறிப்போய், டாக்டர் தெய்வம் மாதிரி, அவர் வருத்தப்படும்படி எதையும் எழுதிவிடாதீர்கள் என்று கும்பிட்டாள். அலிக்கும் அதுதான் மரியாதை என்று பட்டது. தையல் நன்றாகவே இருக்கிறது, பேச்சு மூக்கால் வந்தாலும் பேசிப் பழக்கினால் சரியாகிவிடும் என்று அவளைத் தேற்றிவிட்டு, ‘நன்று’ என்று எழுதினார். ஒரு தடவை எழுதிய கை அப்புறம் கூசவில்லை. இரண்டு வருஷத்தில் அப்படிப் பதினோரு கார்டுகள்.

ஒருநாள் டாக்டர் கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கத் தையலில் குறையே தெரியவில்லை, வருகிற வாரம் ஆபரேஷனுக்கு வரும் ஐந்து பிள்ளைகளுக்கும் இதே மாதிரி போட்டுவிடலாம் என்றார்.  அலி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார்.

“நீரு எழுதினத நம்பித்தானவே அதே தையலப் போட்டுக்கிட்டிருந்தேன். அத்தன பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரும். எங்க விட்டுருக்குன்னு பாத்துத் தையல மாத்தணும். அதுக்குப் பெறகுதான் இந்த அஞ்சு பேரும்.”

மறுநாள் அலி பசுவந்தனைக்குத்தான் முதலில் கிளம்பினார். மழை பெய்த கரிசல் மண் டயரில் அப்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். இது நமக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ராமலட்சுமியிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் தச்சிருக்குன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி. இவ வேணும்னே மூக்கால பேசுதான்னு நெனச்சு, வாயிலயே அடிச்சேன்.”

 ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்று புரிந்ததும் சொர்ணத்தாய் தானாகவே அலியின் பக்கத்தில் வந்து, அண்ணாந்து வாயைத் திறந்து காட்டினாள்.