கை நனைக்க வந்தவர்கள்

காவியாவுக்குப் பதினோரு வயதில் வந்த வலிப்பு இருபத்து மூன்று வயது வரை விடவில்லை. மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள், எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் பெங்களூரில் மண்டையைத் திறந்து, வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள், கம்பெனி பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள். காதுக்கு மேலிருந்த தழும்பை முடி மறைத்துவிட்டது.

டாக்டர் ஒன்றுதான் சொல்லியிருந்தார். "ஆபரேஷன் நல்லா ஆச்சு. ஆனா நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்?

கல்லாவியிலிருந்து ஜெகதீஷின் வரன் வந்தது. சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், தண்ணீரோடு சரி. பேச்சு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று முடிவானது. சாப்பிட்டு எழுந்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. காவியாவின் அம்மா பவளத்துக்கு அந்த ஒரு வேளைச் சோற்றின் மேல்தான் உயிர். அதுவரை ஆபரேஷன் கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளையின் அம்மா சென்னம்மாள் புடவை எடுக்க வந்து, அந்த ஒற்றை அறை வீட்டிலேயே தங்கிவிட்டாள். பவளம் மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள்.

"விடக் கூடாதுன்னு சொன்னாரும்மா," என்றாள் காவியா மெதுவாக.

"ரெண்டு நாளுதான் கண்ணு. மூணு வருசமா வராதது இப்பத்தான் வந்துரப் போவுதா? அந்தம்மா பாத்துட்டா எல்லாம் போச்சு."

காவியா தலையாட்டினாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தெருமுனையில் மருந்துக் கடை இருந்தது. ஆனால் அவளுக்கும் கல்யாண ஆசை இருக்காதா? நாலு வேளை மாத்திரை போனது.

ஞாயிறு மதியம் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பொரியல் வைத்துக்கொண்டு வந்த காவியா ஜெகதீஷின் இலைக்கு முன்னால் அப்படியே நின்றாள். வாய் கோணியது. கரண்டியோடு சாய்ந்து விழுந்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். அவள் கண் திறந்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு இலையிலும் யாரும் கை வைக்கவில்லை.

"வெயிலு ஒத்துக்கல சம்பந்தி..." பவளம் இழுத்தாள்.

சென்னம்மாள் கத்தவில்லை. "தலையில ஆபரேஷன் பண்ணது எங்களுக்கு மொதல்லயே தெரியும்மா. தரகரு சொல்லிட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தோம். மாத்திரை போட்டுக்கிட்டா நல்லா இருக்கும்னு என் பையன் ஒரு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சரின்னான். ஆபரேஷன் பண்ணியும் நிக்கலன்னா நாங்க என்ன பண்றது?"

மாத்திரை கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காவியா சொல்லப் பார்த்தாள். கடிபட்ட நாக்கு வீங்கிப்போய் வெறும் சத்தம்தான் வந்தது. அம்மாவைப் பார்த்தாள். பவளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் வேன் கிளம்பிய பிறகுதான் பவளத்துக்கு வாய் வந்தது.

"அந்த டாக்டரு நம்மள நல்லா ஏமாத்திட்டான் கண்ணு."