மூன்று முறை சிவந்த இலைகள்

அண்ணன் புதுவிதமான நாவல் ஒன்றை எழுதுகிறார் என்றே குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான். எழுதியது நீல அட்டைக் கொப்பி ஒன்றில். டோர்செட் பார்க் பகுதியில், நான்காம் மாடி வீட்டில், மேப்பிள் மரம் தெரியும் யன்னலோரம் இருந்து எழுதுவார். எழுதியதை ஞாயிறுதோறும் நான் உரக்க வாசிக்க வேண்டும். அவர் மனைவியான என் மச்சாள் தேநீரோடு வந்து அமர்வார்.

கதைக்குள் மாதமோ ஆண்டோ வரக்கூடாது என்பது அண்ணனின் பிடிவாதம். "மாசத்தின்ரை பேரை எழுதிறவன் கலண்டர் விக்கப் போகலாம். நீ மரத்தைக் காட்டு, வாசிக்கிறவன் எண்ணிக்கொள்ளுவான்" என்பார். நாவலில், அகதியாக வந்தவன் ஒருவன் மனைவியை அழைப்பிக்கக் காத்திருந்த ஆண்டுகளை அவர் எண்ணிச் சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் நின்ற கிளை நான்காம் மாடி யன்னலை எட்டியது என்று மட்டும் எழுதினார். வாசிப்பதை நிறுத்திவிட்டு நான் வெளியே கிளையைப் பார்த்தேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் இலைகள் சிவந்தன. அடுத்த பக்கத்தில், பனி பெய்யாமலே, மறுபடியும் சிவந்தன. பிறகு இன்னொரு முறை, ஏறக்குறைய அதே சொற்களில்.

"உதை இப்பதானே வாசிச்சனீங்கள்" என்றார் மச்சாள்.

"உது உத்தி மச்சாள். காத்திருக்கிறவனுக்குக் காலம் நகராது எண்டு காட்டுறார்."

"நேற்று அடுப்பை நிப்பாட்டாமல் வெளியிலை போனவர். அதுவும் உத்தியோ?"

நாங்கள் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார், சற்றுப் பிந்தி. நிறைய வாசித்தவள் சொல்கிறேன் என்று மச்சாள் விட்டுவிட்டார். வைத்தியரிடம் போகாமலே ஒரு வருடம் கழிந்தது.

அண்ணனுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. முதலில் குலைந்தது காலத்தின் வரிசை. கடைசியில் கூட்டிக்கொண்டு போனபோது, எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்டார்; மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில், ஒரு காலை, மச்சாள் குளித்துக்கொண்டிருந்த நேரம், அண்ணன் குளிரங்கி இல்லாமல், வெறும் சேட்டும் செருப்புமாகக் கீழே இறங்கிப்போனார். மேப்பிள் மரத்தடியில் உறைபனியில் சறுக்கி விழுந்தவர் பிறகு எழும்பவேயில்லை.

"நீங்களே வைச்சிருங்கோ. உங்களுக்குத்தானே விளங்கினது" என்று சொல்லி மச்சாள் கொப்பியைத் தந்தார். மூன்றாம் முறை இலைகள் சிவந்த வரியின் ஓரத்தில், பென்சிலால், சிறிய கேள்விக்குறி ஒன்று இருந்தது. அண்ணனுக்கே சந்தேகம் வந்திருக்கிறது, கேட்டிருக்கிறார். அதைத் தாண்டித்தான் நான் உரக்க வாசித்துப் போயிருக்கிறேன்.

அந்தக் கிளை இப்போது ஐந்தாம் மாடி யன்னலைத் தொடுகிறது. அதற்குக் கீழே, நான்காம் மாடியில், மச்சாள் இருக்கிறார், ஞாயிறுகளில் நானும்.