ஜீவமணி எண்ணிய தலைகள்

தூத்துக்குடி துறைமுகத்தில் ஜீவமணி டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நான்கு மூட்டைக்கு நான்கு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. பதினெட்டு வருடங்களில் அவருடைய எண்ணிக்கை ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஊர் நாசரேத். சினிமா பாவம் என்று சொல்லி வளர்த்த வீடு. தியேட்டருக்குள் கால் வைத்திராத அந்த மனிதரிடம்தான் 1974இல் ‘ஏழாம் பார்’ என்ற சாகசப் படத்தின் வரவுசெலவு வந்து சேர்ந்தது.

தயாரிப்பாளர் தாணுலிங்கம், உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரி. ஐந்து லட்சம் ஒதுக்கியிருந்தார்.

“சினிமா ஆசை இல்லாத ஆளா வேணும் வே. ஆசை உள்ளவன் நடிகைகூட போட்டோ எடுக்கப் போயிருதான், வவுச்சர் எழுத ஆளில்லை” என்றார். ஜீவமணி சம்பளமில்லா விடுப்பு எடுத்தார்.

பார் என்றால் முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டு. அங்கே முத்துத் திருடர்களைத் துரத்திப் பிடிக்கும் கதை. கதாநாயகனுக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் திருடர் வேடக்காரர்களுக்கும் பதிலாகக் கடலில் மூழ்கிக் குளிக்க வேண்டியவர்கள் புன்னைக்காயல் முத்துக்குளிகாரர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களை அனுப்பியவர் பிலோமினா, இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரி.

நடிகரின் கால்ஷீட் ஆனி மாதத்தில்தான் கிடைத்தது. “கச்சான் காத்துல தண்ணி கலங்கிக் கிடக்கும். உங்க கையே உங்களுக்குத் தெரியாது” என்று பிலோமினா சொன்னதைச் சென்னைப் படக்குழுவினர் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராவை வைத்துப் பதினோரு நாள் இறக்கினார்கள். பதினோரு நாளும் சேற்றைப் படம் பிடித்தார்கள்.

கடல் தெளியும் பங்குனிவரை காத்திருந்ததில் செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இன்னும் பதினெட்டு நாள் குளிப்பு பாக்கி. ஆளுக்கு நாள் கூலி பத்து ரூபாய். மொத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. தாணுலிங்கத்தின் கையில் அதுகூட இல்லை.

ஜீவமணி புன்னைக்காயலுக்குப் போய் உள்ளதைச் சொன்னார்.

“முத்துக் குளிப்புல சர்க்காருக்கு ரெண்டு பங்கு, குளிக்கவனுக்கு ஒரு பங்கு” என்றார் பிலோமினா. “தூத்துக்குடி தியேட்டர்ல உங்க மொதலாளிக்கு வாரதுல மூணுல ஒண்ணு குடுங்க. கூலி வேண்டாம்.”

“படம் ஓடலைன்னா?”

“சிப்பியில முத்து இல்லாத வருசமும் உண்டுல்லா, கிளார்க்கையா.”

ஜீவமணிக்கு மனசு கேட்கவில்லை. பங்கு கூலியைவிடக் குறைந்தால் மிச்சத்தைத் தன் சம்பளத்திலிருந்து கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழுக் கூலியும் கொடுக்க நேர்ந்தால் அது கிட்டத்தட்ட அவருடைய ஒரு வருடச் சம்பளம். மனைவி கிருபையிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

படம் 1975இல் வந்தது. முதல் நாள் புன்னைக்காயலே திரண்டு வந்து டிக்கெட் எடுக்காமல் உள்ளே நடந்தது. “படத்துல குளிச்சதே நாங்கதாம்லே, எங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு?” என்றவர்களை வாசலில் டிக்கெட் கிழிப்பவரால் தடுக்க முடியவில்லை.

ஜீவமணி ஓடிப்போய்ப் பிலோமினாவைப் பிடித்தார். “ஓசியில போற ஒவ்வொரு தலையும் உங்க பங்குல குறையும்மா.”

பிலோமினா இடைவேளையில் எழுந்து நின்று போட்ட சத்தம் திரைவரை கேட்டது. “ஏலே, சொந்த வலையவே அறுக்கியளா? நாளையிலேருந்து எல்லாவனும் டிக்கெட்டு எடு. கிழிச்சுக் குடுக்க பாதிய எங்கிட்ட கொண்டா.”

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த ஜீவமணி, மறுநாளிலிருந்து துறைமுக வேலை முடிந்ததும் தியேட்டர் வாசலில் நின்றார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

“படம் பாக்கதுதான் பாவம். வாசல்ல நிக்கதும் பாவமா?” என்று கிருபை கேட்டார். போதகரிடம் கேட்கிற அளவுக்கு ஜீவமணி துணியவில்லை.

நான்காம் நாள் மாலைக் காட்சிக்கு மேனேஜர் கொடுத்த வசூல் சீட்டில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர். ஜீவமணியின் நோட்டில் அறுநூற்று முப்பத்து நான்கு.

“மிச்சமெல்லாம் உங்க புன்னைக்காயல் ஓசிக் கூட்டம் அண்ணாச்சி. முதல் நாள் நீங்களும் பாத்தியள்லா?” என்று மேனேஜர் சிரித்தார்.

பிலோமினா மீன் கூடையைக் கொண்டுவந்து அவர் மேசையில் கவிழ்த்தார். கிழித்த டிக்கெட் பாதிகள் குவிந்தன. மீன் வாடை அடித்தது. “எண்ணிப் பாரும். எங்க ஆளு ஒருத்தனாவது ஓசியில போயிருந்தாச் சொல்லும்” என்றார். மேனேஜர் பத்து வரை எண்ணிவிட்டுப் புதுச் சீட்டு எழுதினார். அதன்பிறகு இரண்டு எண்ணிக்கையும் பிசகவில்லை.

இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் அது சொந்தப் படம் ஆகிவிட்டது. மார்க்கெட்டில் மீன் விற்ற பெண்கள், விலை சொல்லும் முன்பே படத்தைப் பற்றிச் சொன்னார்கள். உப்பளக்காரர்கள் வந்தார்கள், கப்பல் சாமான் ஏற்றுகிறவர்கள் வந்தார்கள். மதுரையில் இரண்டு வாரம், சென்னையில் பத்து நாள் ஓடிய படம் தூத்துக்குடியில் நாற்பத்திரண்டு நாள் ஓடியது.

தாணுலிங்கம் போட்டது முடிவில் ஐந்து லட்சத்து அறுபதாயிரம். எல்லா ஊரிலுமாக எடுத்தது ஐந்து லட்சத்து எண்பதாயிரம். “கருப்பட்டியில போட்டிருந்தா இதவிட வந்திருக்கும்” என்பார். ஆனாலும் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் போஸ்டர்தான்.

தூத்துக்குடியில் அவருக்கு வந்த பங்கு பதினாறாயிரத்து ஐந்நூறு. அதில் மூன்றில் ஒன்றான ஐயாயிரத்து ஐந்நூறை ஜீவமணி புன்னைக்காயல் கடற்கரையில் பிலோமினாவிடம் கொடுத்தார். அவர் மீன் பங்கு வைப்பதுபோல மணலில் சாக்கு விரித்துப் பணத்தைப் பிரித்தார். பங்குகள் இருபத்து மூன்று இருந்தன.

“ஒண்ணு கூடுதலா இருக்கேம்மா” என்றார் ஜீவமணி. இந்த விஷயத்தில் அவர் கண் தப்பாது.

“நீரும்தான குளிச்சீரு, வாசல்ல நின்னு. எடும்.”

ஆளுக்கு இருநூற்று முப்பத்தொன்பது ரூபாய். கூலியாக இருந்தால் நூற்றெண்பதுதான். மீந்த மூன்று ரூபாய் மாதா கோயில் உண்டியலுக்குப் போனது.

ஜீவமணிக்கு நீச்சல் தெரியாது. புன்னைக்காயலில் அவரை இப்போது குளிகாரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். படம் எப்படி என்று கேட்டால் நோட்டைப் புரட்டிக் காட்டுகிறார். “அறுபத்தோராயிரத்து இருநூத்தி நாப்பது பேரு பாத்திருக்காங்க. நான் பாக்கலை.”