முகத்தில் போட்ட துணி

கண் வார்டில் அந்த நர்ஸை எல்லோரும் சொட்டம்மா என்பார்கள். விடிந்ததிலிருந்து சொட்டு மருந்தும் கையுமாகக் கட்டிலுக்குக் கட்டில் அலைகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மருந்து ஊற்றுவது சுலபம். கண்ணில் கத்தி படப்போகிறது என்று நடுங்குகிற வயதானவர்களைப் பேசித் தேற்றுவதுதான் பெரும்பாடு. அதற்கென்று ஓர் ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று ஒரு பெரியவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கண்புரை எடுக்கப் படுக்க வைத்த இடத்திலிருந்து துள்ளி எழுந்து வெளியே வந்துவிட்டார். டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "பேஷன்ட ரெடி பண்ணி அனுப்ப மாட்டீங்களா?" என்று சொட்டம்மாவைத்தான் பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சுங்கய்யா?" என்று அவள் பெரியவரைக் கேட்டாள்.

மகன் முந்திக்கொண்டான். "பயம், சிஸ்டர். சின்னப் புள்ள மாதிரி."

"அவர்கிட்ட கேட்டேன்."

"அவருக்கு என்ன சொல்லத் தெரியும்?"

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. மகனை மருந்துக் கடைக்குக் கிளப்பிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

பெரியவர் மெல்ல வாய் திறந்தார். "கத்திக்குப் பயமில்லம்மா. கண்ண மட்டும் விட்டுட்டு மூஞ்சி பூரா துணியப் போட்டாங்க பாரு, மூச்சு முட்டிப்போச்சு. முன்ன ஒரு தடவ கரன்ட் போயி லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். அதே மாதிரி."

அவ்வளவுதானா! இதைக் கேட்க ஒருத்தருக்குமா நேரமில்லை?

அவரைப் பழக்குவதற்காக அவள் ஒரு சுத்தமான துணியை அவர் முகத்தில் போட்டாள். "மூச்ச மெதுவா விடுங்க. முட்டுச்சுன்னா பேசாதீங்க, தலைய ஆட்டாதீங்க. என் கைய அமுக்குங்க. ஆபரேஷன்லயும் இப்படித்தான், நான் கூட இருந்து ஒடனே நிறுத்தச் சொல்றேன்."

முதலில் போட்ட மாத்திரத்தில் அமுக்கினார். பிறகு கொஞ்சம் பொறுத்தார். கடைசியில் துணிக்கடியிலேயே கண்ணயர்ந்து குறட்டை விட்டார்.

மறுநாள் அவளும் கூடவே உள்ளே போய் நின்றாள்.

"உங்களுக்கு வார்டுல வேலை இல்லையா?" என்றார் டாக்டர்.

"இருக்கு சார்" என்றாள். பிடித்த கையை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் மற்றவர்களுக்கு மருந்து தாமதமானதற்குத் தலைமை நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கண்கட்டைப் பிரித்ததும் மகன் டாக்டருக்கு நன்றி சொன்னான். "நான்தான் அப்பவே சொன்னேனேப்பா, ஒன்னுமில்லன்னு" என்று அப்பாவையும் ஓர் இடி இடித்தான். சொட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் அவளையே உற்றுப் பார்த்தார். "கொரலு அவ்ளோ சாந்தமா இருந்துச்சே. மூஞ்சி ஏம்மா இவ்ளோ கோவமா இருக்கு?"

"உங்க மேல இல்லீங்கய்யா."

சிரிக்கலாம் என்று பார்த்தாள், வரவில்லை. வேறு யார் மேல் என்று அவர் கேட்பதற்குள், மகன் பையைத் தூக்கிக்கொண்டு அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டான்.