கிரேக்கக் கிழவி

பலெர்மோவில் நான் வேலைக்குப் போன இரண்டாவது வீடு ஒரேத்தோத் தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, அங்கே தனியாக இருந்தார். புருசனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரு சின்ன ஊரில் இருபது வருடங்கள் இருந்து, புருசன் செத்த பிறகு திரும்பி வந்தவர். ஒரே மகன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் தொலைக்காட்சியில் சனத்தைச் சிரிக்க வைக்கிற பகிடிக்காரன்.

அவர் என்னை வேலைக்கு எடுத்தது நான் நன்றாகத் தும்புத்தடி பிடித்துக் கூட்டுவேன் என்பதற்காக அல்ல. எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்பதற்காக. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி. அதை முதல் நாளே, அவர் கேட்காமலே சொல்லிவிட்டேன். அவரோ அந்த இருபது வருடமும் வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டிலில் சிசிலிப் பெண்களோடு மட்டுமே கதைத்தவர். டொக்டரிடம் கதைப்பது, பேக்கரிக் கடையில் பாண் கேட்பது எல்லாம் புருசன்தான்.

மகன் தன் நிகழ்ச்சிகளை வீடியோ கசற்றில் பதிந்து அனுப்புவான். அவற்றை அவருக்கு இத்தாலியனில் சொல்வது என் வேலை. கீழ்மாடியில் கலியாணம் கட்டாத இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். அவர்களுடைய பெறாமகன், கூடப்பிறந்த இன்னொருத்தியின் பிள்ளை, சட்டத்தரணி. ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்கள் வாயில் அவன் பெயர்தான். அதற்கு எதிரே வைக்க சிஞ்ஞோராவிடம் அந்த மகனை விட்டால் வேறொன்றும் இல்லை.

முதல் கசற் ஐந்து நிமிடம்தான். வேறு யாருடையதோ நிகழ்ச்சி, நடுவில் இவன் வருகிறான். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துணி, இடக்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். "இதுதான் என்னைப் பெத்தது" என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு, உடைந்த இங்கிலிஷில் பால்காரனோடு சண்டை பிடிக்கிறான். ஒரு இத்தாலியச் சொல்கூடக் கிடையாது, பார்க்கிறவர்களுக்கு விளங்காதல்லவா. சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். சிஞ்ஞோரா இடக்கையை இடுப்பில் ஊன்றியபடி, நான் வாய் திறப்பதற்காகச் சிரித்த முகத்தோடு நின்றார்.

"ஆரது?" என்றார். அவர் கதைத்ததெல்லாம் இத்தாலியனும் சிசிலியனும்தான். என் காதில் இன்றைக்கு நிற்பதுபோல எழுதுகிறேன்.

"ஒரு கிரேக்கக் கிழவி, சிஞ்ஞோரா. உங்கடை மகன்ரை கூட்டாளியின்ரை தாய்."

அவர் மூச்சை விட்டார். "கறுப்புத் துணியைக் கண்டிட்டு ஒரு நிமிசம் நான் எண்டெல்லோ நினைச்சன். கிரேக்கத்தியள் அப்பிடித்தான். சரியாப் பிடிச்சிருக்கிறான் பெடியன்!"

இரக்கத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று கனகாலம் நினைத்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது கூடுதல் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மகன் வளர்ந்தான். அவனுக்கென்றே கிழமைக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. கிழவியும் வளர்ந்தாள்: பஸ்ஸில் கிழவி, கோயிலில் கிழவி, பல்லுக் கட்டப் போன கிழவி. ஒவ்வொரு கசற் வந்ததும் சகோதரிகள் மேலே ஏறி வருவார்கள், பிஸ்கோத்து வரும், நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று கிரேக்கத்தியின் கதையைச் சொல்வேன். சிஞ்ஞோரா கண்ணீர் வரச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போர்கோ வெக்கியோவில், நாங்கள் ஐந்து பேர் இருந்த அறையில், பெடியங்கள் என்னை விடமாட்டார்கள்.

"மச்சான், கிழவியைச் செய்து காட்டடா."

"விடுங்கோடா, பாவம் அந்த மனுசி."

"பாவமோ? நீ கழுவின கக்கூசை மூண்டுதரம் திருப்பிக் கழுவ வைச்சவளெல்லே! எழும்படா!"

எழும்புவேன். துவாயைத் தலையில் கட்டி, காலை இழுத்து நடப்பேன். மகனிடம் பார்த்துப் பழகியதால் எனக்கு நன்றாக வந்தது. வகுப்பில் முன்வாங்கில் இருந்து யாரையும் சிரிக்க வைக்காதவன் நான். அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது.

பிறகு கசற்றில் ஒரு படம் வந்தது. மகனுடைய முதல் சினிமாப் படம். அவன்தான் கதாநாயகன், அவன்தான் கிழவியும். சகோதரிகள் தலை வாரிக்கொண்டு வந்தார்கள். நான் கோப்பித் தட்டோடு உள்ளே போனபோது மூத்தவர் கேட்டார்: "உங்கடை மகனுக்கு இந்தத் திறமை ஆரிட்டை இருந்து?"

"பாருங்கோ" என்று சிஞ்ஞோரா கதிரையால் எழும்பினார். தலையை அங்குமிங்கும் ஆட்டி, "சீ சிஞ்ஞோரா, சுபித்தோ சிஞ்ஞோரா" என்று, "ஓம், உடனே" என நான் வழமையாகச் சொல்வதை, என் குரலில் சொன்னார். அச்சொட்டாக நான்தான். சகோதரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தட்டு கையில் இருந்தது.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வருடம் தை மாதம் எங்கள் தகப்பன், அப்பு, செத்த செய்தி அந்த வீட்டு ரெலிபோனுக்குத்தான் வந்தது. நான் தரையில் குந்திக் கத்தி அழுதேன். அன்றைக்கு சிஞ்ஞோரா என் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர். இப்போது, கையில் இல்லாத ரெலிபோனைக் காதில் வைத்து, முழங்காலை மடித்து, நெஞ்சில் அடித்து, "ஐய்யோ அப்பூ, ஐய்யோ அப்பூ" என்றார். சொல்கூடப் பிழைக்கவில்லை. சகோதரிகளில் இளையவருக்குச் சிரிப்பில் கோப்பி புரைக்கேறியது.

"கோவிக்காதை" என்றார் என்னைப் பார்த்து. "பகிடிக்குத்தானே. போடு படத்தை."

போட்டேன். வழமைபோலக் கிரேக்கத்தியின் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். நடுவில் கிழவியின் புருசன் சாகிறான். கோயில், பாதிரியார், சவப்பெட்டி. கிழவி குனிந்து செத்தவனின் காதில் ஏதோ சொல்கிறாள். படத்தில் கோயிலுக்குள் இருக்கிற சனம் கூரை பறக்கச் சிரிக்கிறது. நான் வீடியோ டெக்கை நிறுத்தினேன். முன்பெல்லாம் இப்படியான இடங்களில் நானே ஏதாவது கட்டிச் சொல்வேன். அன்றைக்கு ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்:

"என்னை இந்த இங்கிலிஷுக்குள்ளை தனிய விட்டிட்டுப் போறியே. இனி ஆர் எனக்கு வெட்டாத பாண் கேட்டு வாங்கித் தரப்போகினம்?"

சகோதரிகள் வெடித்துச் சிரித்தார்கள். "வெட்டாத பாணாம்! செத்தவனிட்டைப் பாண் கேக்கிறாள் கிரேக்கத்தி!"

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். அது தட்டின் விளிம்பில் சரிந்து நின்றது. சகோதரிகள் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று கண்டதும் அவரும் சிரித்தார், எல்லாரிலும் சத்தமாக. படம் முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

"அதை நான் சத்தம் போட்டுச் சொல்லேல்லை. மனுசன்ரை காதுக்குள்ளை சொன்னனான். பக்கத்திலை பெடியன் மட்டுந்தான் நிண்டவன்."

நான் கசற்றை வெளியே எடுத்தேன்.

"கிரேக்கத்தி இல்லை?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"முதல் கசற்றிலையும்?"

"முதல் கசற்றிலையும்."

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

"இண்டைக்கு ஏன் சொன்னனி?"

நான் ரெலிபோன் பக்கம் பார்த்தேன். அவரே சொன்னார்: "அப்பூவுக்கு."

பிறகு அலுமாரியைத் திறந்து எல்லாக் கசற்றையும் மேசையில் அடுக்கினார். "முதலாவதைப் போடு. இனிப் பொய் வேண்டாம்." வெயில் யன்னலில் இருந்து இறங்கும்வரை பார்த்தோம். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் அழவில்லை, பிழை திருத்தினார். "எனக்கு வலக்கால், அவன் இடக்காலை இழுக்கிறான்." "பால்காரனோடை நான் சண்டை பிடிக்கேல்லை, அவன்தான் என்னைத் தள்ளினவன்." பல்லுக் கட்டும் இடத்தில் மட்டும், "இது உண்மை" என்றார்.

இனி வராதே என்று சொல்வார் என நினைத்து என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு வா. உன்னை நிப்பாட்டினா நீ வெளியிலை போய்க் கதைப்பாய். கீழை இருக்கிறவளவைக்குத் தெரியக் கூடாது. ஒருத்தருக்கும்."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், சிஞ்ஞோரா. சத்தியமா."

சனிக்கிழமை காலை மகன் ரெலிபோன் எடுத்தான். நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படம் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும்.

"நல்ல படம். கீழ்வீட்டுக்காரியள் வயிறு நோகச் சிரிச்சவளவை... ஓம், நானும்தான். அந்தக் கிரேக்கத்தியை நல்லாச் செய்யிறாய்." அந்தப் பக்கத்தில் அவன் என்ன சொன்னானோ, அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "எந்தக் கிரேக்கத்தியோ? உனக்குத் தெரியாதோ? சரி, விடு. அடுத்த படத்திலை அவளைச் சாகடி. பெட்டிக்கை குனிஞ்சு நீ என்ன சொல்லுறாய் எண்டு பாப்பம்."

ரெலிபோனை வைத்துவிட்டு, நான் துடைத்த தரையைப் பார்த்தார். "மூலையிலை தண்ணி நிக்குது" என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு. அறையில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"டேய், இந்தக் கிழமை கிழவி என்ன செய்தவள்?"

"ஒண்டுமில்லை."

"முகத்தைப் பார், என்னவோ இருக்கு. எழும்படா, நடிக்காதை!"

சோற்றைப் போய்க் கிண்டிவிட்டு வந்து இருந்தேன். பிறகு எழும்பினேன். துவாயைத் தலையில் கட்டினேன். மெத்தையைச் சுருட்டிச் சவப்பெட்டி ஆக்கினேன். வலக்காலை இழுத்து நடந்து போய், குனிந்து, அதன் காதுக்குள் பாண் கேட்டேன்.

அதுவரைக்கும் அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றான்.

இன்னொருக்காவும் செய்தேன்.