பதினோராவது நிமிடத்து லயம்

என் வீட்டில் கதை வாசிக்கத் தோதான இடம் சேலை அலமாரிதான். கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்குள் தலையை நுழைத்து, கைபேசியை ஒரு பால்மா டின்னின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பேன். துணிகளுக்கு நடுவே பேசினால் குரல் எதிரொலிக்காது என்று குழுவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை என்னை அந்தக் கோலத்தில் பார்த்த என் கணவர் எதுவும் கேட்கவில்லை. போய் ஒரு பிளேன்டி, பால் விடாத தேநீர், ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

குழு என்றால், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத கொஞ்சம் பேர். சென்னையில் இருப்பார்கள், மலேசியாவில் இருப்பார்கள், நான் இலங்கையில், பதுளையில் இருக்கிறேன். எழுதியவர் இறந்து பல காலமாகி, இனி யாரும் உரிமை கொண்டாட முடியாத பழைய சிறுகதைகளை ஆளுக்கொன்றாக எடுத்து வாசித்து, யார் வேண்டுமானாலும் சும்மா கேட்கட்டும் என்று இணையத்தில் போடுகிறோம். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

திட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பதிவையும் இன்னொருவர் முழுக்கக் கேட்டுப் பிழை குறிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. எனக்கு வாய்த்தவர் கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஓர் ஐயா. நல்ல மனிதர்தான், ஆனால் பாம்புச் செவி. என்னுடைய முதல் கதைக்கே குறிப்பு வந்துவிட்டது: "மூன்றாவது நிமிடத்தில் பின்னால் யாரோ பியானோ வாசிக்கிறார்கள்."

"பியானோ இல்லை ஐயா, பாண் ஆட்டோ" என்று பதில் எழுதினேன். பாண் என்றால் என்ன என்று கேட்டார். ரொட்டி என்றேன். ரொட்டி விற்க எதற்கு இசை என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் ஊரில் பாண் பாட்டோடுதான் தெருவுக்கு வரும். அதற்கு நானா பொறுப்பு? ஆனாலும் கதையை மறுபடி வாசித்தேன். அதன் பிறகு பாண் ஆட்டோக்கள் எங்கள் தெருவுக்கு வரும் நேரங்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா?

இத்தனையும் உலகத்துக்குச் சேவை செய்ய என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பாதி பொய். நான் வாசித்தது என் அண்ணனுக்காக.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாசிப்புப் பைத்தியம். கடலை சுற்றி வந்த தாளைக்கூட நீவி வைத்து வாசித்துவிட்டுத்தான் எறிவார். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் தப்பு மேளம் அடிப்பார். மற்ற மாதங்களில் புத்தகம். சீனி வியாதி வந்து இரண்டு கண்ணையும் கொண்டுபோனது. அண்ணி முன்பே போய்விட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறான். அண்ணன் மட்டும் நாங்கள் பிறந்த அதே லயத்தில், பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்தத் தகரக் கூரைக் கட்டிடத்தில், கடைசிக் காம்பராவில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மீதி ஆறு நாள் அவருக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துத்தான் குழுவில் சேர்ந்தேன். பதிந்த கதையைக் குழுவுக்கு அனுப்புகிற கையோடு ஒரு மெமரி கார்டிலும் ஏற்றிக் கொண்டுபோவேன். அவருடைய பட்டன் போனில் அது பாடும். கட்டிலில் சாய்ந்து, விரலால் சட்டத்தில் தட்டிக்கொண்டே கேட்பார். பாராட்டு மட்டும் வராது.

"எதுக்கு இந்த ஓட்டம் ஓடுற? கடைசி பஸ்ஸா போவுது?" என்பார்.

மெதுவாக வாசித்தால், "தாலாட்டுப் பாடுறியா?" என்பார். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் கோயம்புத்தூர் ஐயா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

போன வருடம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டில் நிலம் வாய் பிளந்தது. அதிகாரிகள் வந்து, சுவர் வெடிப்புகளைச் சுற்றிக் கோடு போட்டு, எல்லாரும் போய்விட வேண்டும் என்றார்கள். ஒன்பது குடும்பம் போனது. மிச்சம் மூன்று காம்பராக்களில் ஆள் இருந்தது. அதில் ஒன்று என் அண்ணன். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். கெஞ்சினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"ஒவ்வொரு படியும் என் காலுக்குத் தெரியும்" என்றார். "ஒரே ரயிலு மேல போயி, மலையச் சுத்தி வளைஞ்சு, திரும்பவும் கீழ போவும். ரெண்டு சத்தத்தையும் கேட்டு மணி சொல்லுவேன். இங்க எனக்குக் கண்ணு இருக்கு, தங்கச்சி. ஒன் வீட்டுக்கு வந்தாத்தான் நான் குருடன்."

"மண்ணு வந்தா படி எங்க இருக்கும்? ஒங்க காலு எங்க இருக்கும்?" என்று கத்தினேன். ஞாயிறு தவறாமல் கத்தினேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. கடைசி ஞாயிறு, கொண்டுபோன சாப்பாட்டைக்கூடப் பரிமாறாமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் அலுவலகம் முடிந்து வந்து அலமாரிக்குள் தலையை நுழைத்தேன். எனக்கு ஒதுக்கியிருந்த கதை ஒரு வயதான மிருதங்கக்காரரைப் பற்றியது. முன்கூட்டியே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது குழுவின் விதி. அன்றைக்கு எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. கதையின் முடிவுக்குக் கிட்ட, கச்சேரி நடுவில் பெரியவருக்குக் கை தடுமாறுகிறது. அந்த இடத்தில் இப்படி இருந்தது: "லயம் கலைந்துவிட்டது. இனி இங்கே உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது என்று பெரியவர் எழுந்தார்."

வாசித்துவிட்டேன். அனுப்பியும் விட்டேன். அடுத்த ஞாயிறு கார்டைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். வீட்டுப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை ஐயாவின் குறிப்பு வந்தது. "பதினோராவது நிமிடம். லயம் என்பது இங்கே தாளத்தின் ஒழுங்கு. நீங்கள் ஏதோ வீடு இடிந்து விழுந்ததுபோல் வாசித்திருக்கிறீர்கள். குரலும் நடுங்குகிறது. தயவுசெய்து மீண்டும் பதியவும்."

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகியது. நாலு பக்கமாக மிருதங்கத்தைப் பற்றியே வாசித்துக்கொண்டு வந்தவள், அந்த ஒரு சொல்லைக் கண்டதும் தெமோதரைக்குப் போயிருக்கிறேன். பதிவைப் போட்டுக் கேட்டேன். அழுதமாதிரியே இருந்தது. அழுதேனா என்று எனக்கு நினைவில்லை.

எங்கள் பக்கம் லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வீட்டு வரிசை என்று ஐயாவுக்கு எழுதினேன். நானும் அதில் பிறந்தவள், அந்த லயம் இப்போது கலைந்துகொண்டிருக்கிறது என்றும் எழுதினேன். அவர் வெகுநேரம் கழித்துப் பதில் போட்டார். "மன்னிக்க வேண்டும் அம்மா. எனக்குத் தெரியாது. அவசரமில்லை, ஆற அமரப் பதியுங்கள்." அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபமே வருவதில்லை. பாண் ஆட்டோவுக்கும் சேர்த்து மன்னித்துவிட்டேன்.

அந்த வரியைச் சரியாகப் பதிந்து, புதுக் கார்டில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலை தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் வாசலில் வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆணியில் எப்போதும் தொங்குகிற பை, கட்டி மடியில் இருந்தது.

"எங்க போறீங்க?"

"ஒங்கூடத்தான். லயம் கலஞ்சிருச்சுன்னு நீயே சொல்லிட்டியே. இனி இங்க குந்தியிருந்து என்னாத்துக்கு?"

கைப்பைக்குள் புதுக் கார்டு இருந்தது. அது வீட்டு வரிசை இல்லை அண்ணே, தாளம், நான்தான் தப்பாக வாசித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பை திரும்பவும் ஆணிக்குப் போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்தேன். படிகளில் அவர்தான் என்னைப் பார்த்து இறங்கச் சொல்லி முன்னால் போனார். ரோட்டுக்கு வந்த பிறகு என் கையை விடவே இல்லை.

பதுளை வீட்டில் முதல் மாதம் அவருக்குச் சுகப்படவில்லை. நிலைப்படியில் முட்டிக்கொண்டார். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அறையிலிருந்து கழிப்பறை வரை என் கணவர் ஒரு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பேசாமல் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குத்தியது. கண்ணோடு இருந்த மனிதரை ஒரு தப்பான அர்த்தத்தைக் காட்டி இழுத்துவந்து குருடனாக்கிவிட்டேன். மழை வேறு அதோடு அடங்கிப்போனது. மேடு சரியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் போனில் பேசினால், "இன்னும் நிக்கிதா?" என்று அண்ணன் கேட்பார். நிற்கிறது என்பார்கள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

தை பிறந்து சில நாளில் எங்கள் கதைத் தொகுப்பு இணையத்தில் வெளிவந்தது. நான் வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை என் கணவர்தான், எதுவும் அறியாதவர், மச்சானுக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். மிருதங்கக்காரர் கதை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். பதினோராவது நிமிடம் வந்தது. வரி சுத்தமாக, நடுக்கமில்லாமல் போனது. தட்டுவது நின்றது.

"இது வேற. மாத்திட்டியா?"

துருவலை விட்டுவிட்டு வந்தேன். இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். ஐயாவின் குறிப்பு, புதுக் கார்டு, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பையை வாங்கியது, எல்லாம். "ஒங்கள ஏமாத்திக் கூட்டியாந்துட்டேன், அண்ணே" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"இருவது வருசம் காமன் கூத்துக்குத் தப்பு அடிச்சவன் நான். லயம்னா என்னானு எனக்கு நீ சொல்லித் தாறியா? கதையில மிருதங்கம் வந்தப்பவே தெரியாதா எனக்கு?"

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

கையால் துழாவித் தேநீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்காமல் வைத்திருந்தார்.

"வாரா வாரம் வந்து நீ கத்துனப்ப எனக்குக் கோவம் மட்டுந்தான் கேட்டுச்சு. நானும் கோவக்காரன், அதுக்கெல்லாம் மசிவேனா? அந்த எடத்துல மட்டும் நீ பயந்துபோயி இருக்குறது கேட்டுச்சு. மழை பேஞ்சா அங்க நான் தூங்கிருவேன், இங்க நீ தூங்க மாட்டேன்னு வெளங்குச்சு. பயந்த புள்ளைய எப்புடி விட்டுட்டுக் குந்தியிருக்கிறது?"

அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினார்.

"ஒலகத்துக்கு இது இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார். "பழசு எங்கிட்ட கார்டுல இருக்கு. அத மட்டும் அழிச்சிப்புடாத."